புற்றுக்குப் பால், பெட்டிக்கு எலி

செவ்வாய்க்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பாம்புக்குச் சாப்பாடு வைக்கிறோம். துபாய் அல் கூஸில், ஏசி ஓடும் கிடங்குக்குள், உறைந்த எலியை வெந்நீரில் போட்டெடுத்து நான் இடுக்கியால் நீட்டுவேன். அரியலூர்ப் பக்கம் என் மனைவி செல்வராணி, ஆறு மாத வயிற்றோடு, வெறுங்காலில் நடந்துபோய்ப் புற்றுக்குப் பால் ஊற்றுவாள். என் பாம்பு தின்றுவிடும். அவள் பாம்பை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் எங்கள் மூத்தவள் மலரை வைத்துத்தான். முடி, புருவம், இமை அத்தனையும் வெள்ளையாகப் பிறந்தவள். வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டாள். நாக தோஷம், மருமகள் எங்கேயோ பாம்பை மிதித்திருக்கிறாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மருமகள் அந்நியமில்லை, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி மகள். அடுத்ததும் வெள்ளையாகிவிடக் கூடாது என்றுதான் இந்தப் பால். போன மாதம் செல்வராணி வழியிலேயே மயங்கி விழுந்தாள், அப்போதும் அம்மா விடவில்லை. எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

என் முதலாளி இந்த ஊர் அரபி, லைசென்ஸ் வாங்கிப் பைத்தான் குட்டி விற்கிறவர். நிறத்துக்கு நிறம் ஒரு பெயர், மார்ஃப் என்பார். வெள்ளைக்குத்தான் மவுசு. அவர் இரண்டு பழுப்புப் பாம்பைச் சேர்த்து வைத்தபோது மனசுக்குள் சிரித்தேன். ஆறு முட்டையில் ஐந்து பழுப்புத் தலை. ஆறாவது ஓட்டைக் கீறிக்கொண்டு வெள்ளையாக ஒரு தலை வந்து, சிவந்த கண்ணால் என்னையே பார்த்தது. லைட் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஐயோ, அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும்.

"தாய், தகப்பன் ரெண்டும் ஹெட்," என்றார் முதலாளி இந்தியில். வெளியே பழுப்பு, உள்ளே மறைந்து பாதி வெள்ளை. பாதியும் பாதியும் சேர்ந்தால் நாலில் ஒன்று முழு வெள்ளையாகலாம். இரண்டுக்கும் பாட்டன் பாம்பு ஒன்றுதானாம்.

மலர் போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பீவி உன் சொந்தமா?" என்றார்.

"பின்ன, அடுத்தவன் பொண்டாட்டியா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கோச்சுக்காதே பாய், மாமன் மகளான்னு கேட்டேன். நாங்களும் சொந்தத்துலதான் கட்டுறோம். நீயும் ஹெட், அவளும் ஹெட். கலாஸ், அவ்வளவுதான்."

நடுவில் லீவில் ஊருக்குப் போனது தவிர, இரண்டு வருஷமாகப் பெட்டிக்குப் பெட்டி 'ஹெட்' என்று லேபிள் எழுதி ஒட்டுகிறவன் நான். ஒரு நாளாவது தோன்றியதா? அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"தோஷமெல்லாம் இல்லம்மா. பாதி எங்கிட்டருந்து வந்தது, பாதி அவகிட்டருந்து. எனக்கு உன் வழியா, அவளுக்கு மாமா வழியா."

"பாம்போட கெடந்து உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சுடா."

அப்புறம் "எங்கிட்டருந்தா?" என்று மட்டும் கேட்டாள். போன் கட்டாகிவிட்டது.

இங்கே இருக்கிறவர்களுக்குப் புரியும். போனில் எதையும் சொல்லிவிடலாம். அது அங்கே எப்படிப் போய் விழுகிறது என்று பார்க்க முடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீடியோ காலில் செல்வராணி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மலர். அப்பாடா என்றிருந்தது.

"நீ போகலையா?"

"அத்தை விடல மச்சான். அவங்களே செம்பைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. செருப்புகூடப் போடல."

பழியைச் செல்வராணி தலையிலிருந்து இறக்கத்தான் போன் போட்டேன். தூக்கி அம்மா தலையில் வைத்திருக்கிறேன்.

வெள்ளைக் குட்டி பெட்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது. இந்நேரம் அம்மா புற்றுக்குப் பக்கத்தில் போயிருப்பாள். நான் எலியை நீட்டினேன்.