பெருங்களத்தூரில் ஆறு கோப்பை டீ

வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் பெருங்களத்தூர் போனேன். இது நடந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது.

மகள் தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது சொன்னாள். பையனின் அப்பா காரைக்கால் பக்கத்துத் தமிழர். சைகோனில் துணிக்கடையில் இருந்தவர், அங்கே சண்டை முடிந்த சமயத்தில் மனைவியோடும் அப்போது கைக்குழந்தையாக இருந்த இந்தப் பையனோடும் மெட்ராஸ் வந்து சேர்ந்தவர். இப்போது உயிரோடு இல்லை. அம்மா வியட்நாம்காரி. மகளின் பழைய பள்ளி அட்லஸை எடுத்து வியட்நாம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்ததில் எதுவும் தெளிவாகவில்லை.

“அவங்க வீட்ல என்ன சாப்பிடுவாங்களோ, இவ எப்படிங்க இருப்பா?” என்று மனைவி தினமும் கேட்டாள். என் பயம் வேறு. அந்த வீட்டைப் பற்றி விசாரிக்க இந்த ஊரில் அவர்களுக்கு ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது?

முடியாது என்றேன். மகள் சண்டை போடவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு போனாள், மாலையில் காலி டப்பாவோடு வந்தாள். சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிட்டால் நல்லது என்று குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன். “மன்னிக்கணும், எங்களுக்கு இது சரிப்பட்டு வராது” என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பையன் கதவைத் திறந்தான். பின்னால் அவன் அம்மா, காட்டன் புடவையில், என் தோள் உயரம்.

“வா சார், உக்காரு. ஸ்டேசன்லேர்ந்து நடந்தா வந்த? ஆட்டோக்காரன் இன்னா, பேஜார் பண்ணானா?”

அந்த அம்மாள் தமிழைத் தெருக்குழாயடியில் கற்றவர். நான் தயார் செய்து வைத்திருந்த மரியாதைத் தமிழ் அங்கேயே பாதி பயனற்றுப் போனது.

“பசங்களைப் பத்திப் பேசலாம்னு வந்தேன்.”

“பேசலாம். மொதல்ல டீ.”

சின்ன மண்கூஜா, பிடியில்லாத நான்கு கிண்ணங்கள். எங்கள் வீட்டில் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் கிண்ணம் அதைவிடப் பெரியது. வெந்நீரால் எல்லாவற்றையும் கழுவினார். கூஜாவில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, உடனே அத்தனையையும் ஒரு பாத்திரத்தில் கொட்டினார். ஏதோ பூச்சி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“முதல் தண்ணி இலையைக் கழுவ சார். குடிக்கிறதில்ல” என்றான் பையன்.

மறுபடி வெந்நீர் ஊற்றிச் சற்றுப் பொறுத்தார். பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போய், கடைசியிலிருந்து அதேபோல் திரும்பி வந்தார். ஒன்றில் தண்ணீராகவும் ஒன்றில் கசப்பாகவும் போய்விடக் கூடாதாம். நான்காவது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது மூன்று பேர்.

“உன் பொண்ணுக்கு இல்ல சார், பயப்டாத. எங்க வூட்டுக்காரருக்கு” என்று அதைக் கணவர் படத்துக்கு முன்னால் வைத்தார்.

எச்சில் படாமல் தூக்கிக் குடித்துத்தான் எனக்குப் பழக்கம். தூக்கினேன். மல்லிகை வாசனையோடு தொண்டை வெந்தது. கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று முழுவதையும் குடித்தேன். உடனே நிரப்பினார். அதையும் முடித்தேன். இப்படி ஆறு முறை.

“நீ குடிச்சிகினே கீற, நான் ஊத்திகினே கீறேன். போதும்னா கொஞ்சம் வுட்டு வெய்யி சார்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வாக்கியத்துக்கு இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன். அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

“உன் பொண்ணு ஏன் சார் துன்ன மாட்டேங்குது?”

“யார் சொன்னது? டப்பா காலியாத்தானே வருது?”

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பக்கத்து சீட் அக்காவுக்குக் குடுத்துடறா சார். பத்து நாளாச்சு. முந்தாநாள் மயக்கம் போட்டு விழுந்துட்டா. வீட்ல சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா.”

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் டப்பாவைக் கழுவுவது நான். பத்து நாளும் நானே கழுவினேன். இன்றைக்கும் காலிப் பாத்திரத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

வாக்கியம் வரவில்லை. “ரயிலுக்கு நேரமாச்சும்மா” என்று எழுந்தேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சிவப்புக் காகிதத்தில் கட்டிய தேயிலைப் பொட்டலம். ஒரு வீட்டுக்குப் போனால் வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நமக்குக் கிடையாது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பையன் சட்டென்று காலில் விழுந்தான். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“எங்க ஊர்ல டீயும் வெத்தல பாக்கும் பொண்ணு வூட்டுக்கு குடுப்பாங்க சார். வாங்கிகினா சம்மதம். நீ வாங்கிகின.”

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கையில் தட்டுதான் இருந்தது, வேறு தடை எதுவும் இல்லை.

“எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா” என்றேன்.

வீட்டில் மனைவி தட்டைப் பார்த்தாள். “வேணாம்னு சொல்லத்தானே போனீங்க?”

“டீ குடுத்தாங்க.”

“டீ குடுத்தா? தாம்பூலம் மாத்திட்டு வந்துடறதா? ஒரு பொம்பளையக் கூட கூட்டிட்டுப் போகாம, தனியா?”

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். சிவப்புப் பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

“அம்மா, குழம்பு மீதி இருக்கா?” என்றாள்.

மனைவி பேசிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். மகள் தட்டை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.