குழலுக்குள் நின்ற குண்டு

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால் வெட்டும் வேலை நின்றுபோய், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நட்ட மரவள்ளிதான் எங்கள் சோறு. அதையும் காட்டுப்பன்றி தோண்டித் தின்றது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி ஒரு நாள் காலையில் பழைய துப்பாக்கி ஒன்றை என்னிடம் கொடுத்தான். பன்றியைச் சுடு, சாயங்காலம் திருப்பிக் கொடு, கெடுத்தால் தலை போகும் என்று கழுத்தில் கையை இழுத்துக் காட்டினான். விளையாட்டுக்குச் சொல்பவன் அல்ல.

மத்தியானம் பன்றி வந்தது. சுட்டேன். வெடிச் சத்தம் இல்லை, 'புஸ்' என்றது. பன்றி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிழங்கைத் தின்றது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தோட்டா ஈரம், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. கால்வாய் அடைத்தால் பின்னாலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டுத் தள்ளுகிறவர்கள் நாங்கள். அதே புத்திதான். இன்னொரு தோட்டா போட்டுச் சுட்டால் முன்னால் நிற்பது தானாகப் போய்விடும் என்று கையில் எடுத்தேன்.

"சுடாத மச்சான். மூஞ்சி போயிரும்."

பக்கத்துப் பாத்தியில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த என் மனைவியின் அண்ணன். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைக்குத் துப்பாக்கி துடைத்தவன். துரையின் வால் என்று லயத்தில் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டியிருந்தேன். ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

"உன் வேலையப் பாருலா," என்றேன்.

"என் தங்கச்சி தாலிதான் இப்ப என் வேலை. கீழ வை."

வைத்தேன். மச்சான் குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிவிட்டு, தாமதமாகவும் வெடிக்கலாம் என்று கொஞ்ச நேரம் என்னைத் தொடவே விடவில்லை. பிறகு பின்பக்கத்தைத் திறந்து வெற்றுத் தோட்டாவை எடுத்தான். பின்னாலிருந்து பார்த்தோம். ஒரே இருட்டு. என் மனைவி விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்தாள். அதை ஊற்றி ஊறவைத்தான். நான் இரும்புக் கம்பியோடு வந்தேன்.

"இரும்பு உள்ள கீறும். கீறுனது அவன் கண்ணுல பட்டா நீ செத்த."

வீட்டுக்குப் போய் நீளமான பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்துவந்தான். துரை பங்களாவில் ஜன்னல் திரையைத் தாங்கிய கம்பி.

"எப்ப தூக்குன?"

"நீ என்னை வாலுன்னு சொன்னியே, அதுக்கு மறுநாளு. சும்மா பேர் வாங்கக் கூடாதுல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினான். நான் தட்டியிருந்தால் ஓங்கி ஒரே அடிதான். வெகுநேரம் கழித்து, நசுங்கிய குண்டு பின்பக்கமாக, கீழே விரித்திருந்த சாக்கின் மேல் விழுந்தது.

சாயங்காலம் அதிகாரி குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான். அவ்வளவுதான்.

பன்றிக்கறி இல்லை. பன்றி விட்டுப்போன கிழங்கை அவித்து மூன்று பேரும் தின்றோம். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்க வராது. பெரிய கிழங்கை மச்சான் தட்டில் போட்டேன். "உப்பு எங்கலா?" என்றான். அதையும் போட்டேன்.

என் கோபம் இன்றும் குறைந்தபாடில்லை. ஆனால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழிக்கும்போதெல்லாம், இது நான் திட்டித் தீர்த்த ஒருவன் காப்பாற்றிக் கொடுத்த முகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.