கடல் மேல் வந்தவரிடம் ஒரு கேள்வி

மணப்பட்டு அஞ்சலையக்கா போய்விட்டார். நேற்று வில்லியனூர்ச் சந்தையில் மீன் விற்கும் பெண் சொன்னாள்: "அக்கா பூட்டாங்கண்ணே. ஒங்ககிட்ட சொல்லிடச் சொல்லியிருந்தாங்க." தலைக்கூடையை இறக்காமலே சொல்லிவிட்டு நடந்தாள்.

விமானத் திடலில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே புல் வெட்டும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. நான் பிரெஞ்சு விமானிகளுக்குத் துபாஷி. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதால் என்னைக் 'கிளி' என்பார். கோபம் வந்தால் 'கெழட்டுக் கிளி'. அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

ஒரு வருடம் அடித்த பெரும்புயலில் திடல் குளமாகிவிட்டது. அக்காவின் கணவர் போன கட்டுமரம் கரை திரும்பவில்லை. விமானம் ஒன்று இங்கே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டால் கடலில் தேடலாம் என்றார்கள் திடல் அதிகாரிகள். ஆனால் சேற்றில் எப்படி இறங்கும்? அக்கா மணப்பட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். வடிகால் வெட்டினார்கள். சக்கரம் புதையும் இடமெல்லாம் மீன்கூடைகளில் மணல் சுமந்து கொட்டினார்கள். கொஞ்சம் சாப்பிடச் சொன்னேன்.

"அவுரு சாப்புட்டாரோ இன்னாவோ, கிளி" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

விமானம் இறங்கியது, கடலுக்குப் போய்த் தேடியது. மிதந்துகொண்டிருந்த இருவரைக் கண்டதாக விமானி வந்து சொன்னார். படகு போய் அவர்களை மீட்டது. அக்காவின் கணவர் அவர்களில் இல்லை.

கடலிலிருந்து யார் வந்தாலும், திரும்பாதவர்களைப் பற்றி முதலில் விசாரிப்பது மணப்பட்டுக் கரையின் வழக்கம். அக்காவுக்கு விமானமும் கடலிலிருந்து வந்த படகுதான். அதன்பின் எந்த விமானி இறங்கினாலும் அரிவாளோடு வந்து நிற்பார்.

"எங்கூட்டுக்காரரப் பாத்தாரான்னு கேளு, கிளி."

கேட்பேன். சிலர் சிரித்தார்கள். பலர் தொப்பியைக் கழற்றினார்கள். "இல்லையாம், அக்கா" என்பேன். "சரி, அடுத்து வர்றவனக் கேப்போம்" என்று புல் வெட்டப் போய்விடுவார். இப்படியே வருடங்கள் போயின.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "இன்னும் ஏன்க்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"கேக்காம வுட்டா, அவுரு செத்துட்டாருன்னு நானே சொன்ன மாரி ஆவாதா?"

அந்தக் குரல் இல்லாத திடலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். இன்று காலை ஒரு விமானம் இறங்கியது. விமானி ஊருக்குப் புதியவர். நானாகவே போய்க் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

"இல்லையாம், அக்கா" என்று சொல்லத் திரும்பிவிட்டேன்.