நசீர் நானாவிடம் சொன்ன ஒரு பொய்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நசீர் நானாவின் மகன் மூதூரில் இருந்து போன் எடுத்தான். "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இனி என்னைக் கேட்க ஆள் இல்லை என்ற நிம்மதி. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. இன்றுவரை அது விடவில்லை. நம் தொழிற்சங்க மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன். எழுதி முடித்தபின் எனக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது.

இறங்குதுறையில் கிரேனின் கம்பிக்கயிறுகளைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது எங்கள் இருவரின் வேலை. பதினேழு வருஷம் ஒரே மேசை. நசீர் நானா கம்பியைக் கண்ணால் மட்டும் பார்த்து விடமாட்டார். பழைய சீலைத்துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை இழுத்துக்கொண்டே நடப்பார். எங்காவது இழை அறுந்திருந்தால் சீலை அதில் மாட்டும். பிறகு படிவத்தின் பின்பக்கத்தில், அன்றைக்குச் சுமைக்குக் கீழே வேலை செய்யப்போகிறவர்களின் பெயர்களை எழுதுவார். அதற்கப்புறம்தான் கையெழுத்து. படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. "கணக்கெடுப்புக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறீங்க நானா" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் கோபிக்கமாட்டார். புதிதாக வந்தவரிடம் போய் இன்னொரு தரம் பெயரைக் கேட்டுவிட்டு வருவார்.

ஒரு மாரி நாள், கப்பல் இல்லை. சும்மா இருந்த நேரம் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "தேவன், நீங்க எந்தக் கொள்கையில வாழுறீங்க எண்டு ஒரு வரி எழுதுங்க பாப்பம்" என்றார். நான் யோசிக்காமலே 'பிறருக்குத் தீங்கு செய்யாமல் வாழ்தல்' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இது பரிசளிப்பு விழாவில பேசுறதுக்குச் சரி. நேத்து விடிஞ்சதில இருந்து பின்னேரம் வரைக்கும் என்னென்ன செய்தீங்க? அதுக்குள்ள இருந்து எடுத்து எழுதுங்க."

நேற்றை யோசித்துப் பார்த்தேன். மனேஜர் பிழையான ஆளை ஏசினார். பிழை யாருடையது என்று தெரிந்தும் நான் தலையாட்டினேன். கிரேன் டிரைவர் பிரேக் பற்றிக் கேட்டபோது நானாவிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். பின்னேரம் லிங்கநகரில் என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சண்டை கேட்டது. யன்னலைச் சாத்தினேன். வெகுநேரம் கழித்து எழுதினேன்: 'என்மேல் பழி வரக்கூடாது.' ஐம்பது வயது தாண்டி, நான் எதை வைத்து நடந்துகொண்டிருக்கிறேன் என்று அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. "எனக்கும் பயம்தான் தேவன். நீங்க மனேஜருக்குப் பயம். நான் கீழ நிக்கிற ஆளின்ட பெண்சாதிக்குப் பயம். அவ வந்து கேட்டா என்ன சொல்லுவன்? பயத்தை விட ஏலாது. ஆருக்குப் பயப்படுறம் எண்டதை மாத்தலாம்" என்றார்.

நான் மாற்றவில்லை. அதற்கு அடுத்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, நானா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கப்பல் அவசரமாக வெளிக்கிட வேண்டும் என்று மனேஜர் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். நான் கம்பியைத் தொடவே இல்லை. கதிரையில் இருந்தபடியே கையெழுத்து வைத்தேன். பின்பக்கத்தில் ஒரு பெயரும் இல்லை. சற்று நேரத்தில் கம்பி அறுந்து, சீமெந்து மூட்டைகள் அத்தனையும் கீழே விழுந்தன. அந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரும் அப்போதுதான் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள்.

றஹீம், யோகன், சுனில், அது நீங்கள் மூன்று பேரும்தான். கம்பி பழசு என்று அறிக்கையில் எழுதி என் பிழையை மறைத்ததும் நான்தான்.

நானா தொப்பியோடு நேரே வந்து அறுந்த முனையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சீலை பிடிச்சுப் பாத்தீங்களா?" "இல்ல நானா." "போய் அந்த மூண்டு பேரின்ட பேரையும் எழுதிக்கொண்டு வாங்க." நான் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். நீங்கள் தப்பிய சந்தோஷத்தில் சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டு பெயர் சொன்னீர்கள். யோகன் எனக்கு ஒரு வடை தந்தார். அதையும் வாங்கித் தின்றேன். திரும்பி வந்ததும் நானா சொன்னார்: "நான் ஆருக்கும் சொல்லமாட்டன். சொல்ல வேண்டிய ஆள் நீங்க."

அதன்பின் ஆறு வருஷம் அவர் ஒரு சொல் கேட்கவில்லை. அதுதான் பெரிய பயமாக இருந்தது. போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகிவிட்டார், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மகன் மருந்து எடுக்க வெளியே போனதும் என் கையைப் பிடித்தார்.

"தேவன், அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஓம் நானா, சொல்லிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆறுதல். நான் வாட்டை விட்டு ஓடாத குறையாக வெளியே வந்தேன்.

மூதூரில் நானாவைத் தூக்கிச்சென்ற சந்தூக்குக்குத் தோள் கொடுத்தபோது எனக்கு முன்னால் றஹீம் நின்றார். திரும்பும் வழியில் "நானா உங்களைப் பத்தி நல்லாக் கதைப்பார்" என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இந்தப் பக்கத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "இப்ப ஆர் உங்களைக் கேட்டது? பென்சனுக்கு எட்டு மாசம்தானே கிடக்கு. பேசாமல் இருங்கோ" என்றாள். அவள் சொல்வது நியாயம். விசாரணை வைப்பார்கள், பென்சனில் கைவைப்பார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு மனிதர் என் பொய்யை நம்பிக்கொண்டு மண்ணுக்குள் போயிருக்கிறார். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இப்போது இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தைரியம் இல்லை. அது அவரிடமும் இருக்கவில்லை. அவர் பயந்த விதத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் காலம் கடந்து. சுனிலுக்குத் தமிழ் வாசிக்க வராது, யோகன் வாசித்து விளங்கப்படுத்தட்டும். வீட்டில் பெண்சாதிமாருக்கும் சொல்லுங்கள். திங்கட்கிழமை நான் வேலைக்கு வருவேன். வந்து கேளுங்கள், ஏசுங்கள். எனக்குப் பதில் ஒழுங்காக வராது. ஆனால் எழும்பிப் போகமாட்டேன்.