ஃபேனுக்குக் கீழே ஒரு மஞ்சள் துண்டு

சமயபுரத்துக்கு நடக்கிற கூட்டமெல்லாம் கீழப்பழுவூரில் வந்து சேரும்போது, கல்யாண மண்டபத்தில் கால் நீட்ட இடம் கிடைக்காது. அதனால் கணவரை முன்னால் அனுப்பினேன். "பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி, ஃபேனுக்குக் கீழ நம்ம துண்டப் போட்டு வைங்க."

நான் போய்ப் பார்த்தால் மண்டபம் முழுக்கத் துண்டுகள். மாலை போட்ட எல்லோரிடமும் மஞ்சள் துண்டுதானே இருக்கும்! ஃபேனுக்குக் கீழே கிடந்த துண்டில் செந்துறைக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்க. இது எங்க வூட்டுக்காரரு போட்ட துண்டு."

"இல்லக்கா, எங்க வூட்டுக்காரரு போட்டது."

விடுவேனா? துண்டின் ஓரத்தில் இருந்த கறையைக் காட்டி, அது ஆண்டிமடத்தில் எங்கள் கொல்லை முந்திரிப்பழக் கறைதான் என்று அம்மன் மேலேயே சத்தியம் செய்தேன். சுற்றியிருந்தவர்களும் என் பக்கம் பேச, அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குழாயடியில் குளித்துவிட்டு வந்தார் கணவர், எங்கள் துண்டால் தலையைத் துவட்டியபடியே.

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"நல்லாத் தொவட்டிட்டு வாங்கண்ணே. அக்கா ஒங்களுக்காவ எடம் புடிச்சிக்கிட்டு இருக்காங்க."