வன்னி ஆக்களுக்கு வாய் நோகாதாம்!

போன வருசம், மாரி தொடங்கிற நேரம். என்ரை மனுசனுக்கு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்யவெண்டு வன்னியில உடையார்கட்டில இருந்து கொழும்புக்குப் போய், அங்க ஒரு ஆஸ்பத்திரியில தங்கியிருந்தனாங்கள். அங்க நடந்ததை இப்ப நினைச்சாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

புது மச்சை ஏத்த முதல், பழசை அழிக்கவெண்டு கடும் மருந்து குடுப்பினம். அதால வாய், நாக்கு, தொண்டை எல்லாம் புண்ணாகும், தண்ணி விழுங்கவும் ஏலாமல் வரும் எண்டு முன்னமே சொல்லிப்போட்டினம். தாங்கத்தான் வேணுமாம். வேற வழியில்லையாக்கும் எண்டு நானும் தலையாட்டினன்.

மருந்து தொடங்கின அடுத்த நாள், சாப்பாடு சூடாக்கிற இடத்தில ஒரு செட்டிகுளத்து முஸ்லிம் அம்மாவைக் கண்டன். பக்கத்து அறையில அவவின்ரை மகளுக்கும் இதே வைத்தியம்தான், எங்களுக்கு முந்தியே தொடங்கினது. மகளுக்குக் கஞ்சி சூடாக்கிக்கொண்டு நிண்டா. "பிள்ளை விழுங்குவாவோ?" எண்டு கேட்டன்.

"ஓம் மகள், நல்லாக் குடிக்கிறா. ஒங்கட ஆளுக்கு அந்தச் சிவப்பு லைற் புடிக்கல்லையா?"

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவதான் விளங்கப்படுத்தினா. பேனை மாதிரி ஒரு சாமானாம். அதில வாற சிவப்பு வெளிச்சத்தைச் சொண்டு, கன்னச் சொக்கையின்ரை உள்பக்கம், நாக்கு எண்டு ஒவ்வொரு இடமாப் பிடிப்பினமாம். சுடாது, நோகாது. புண் வராமலிருக்கத்தான் அது, அதால மருந்தோடயே தொடங்க வேணுமாம்.

சாப்பாட்டை அப்பிடியே வைச்சிட்டு நேர நேர்ஸ்மாருக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸிட்டைப் போனன். நல்லாத் தமிழ் கதைக்கிற மனுசி. "மெசின் ஒண்டுதான் இருக்கு. நோ தாங்கமாட்டாத ஆக்களாப் பாத்துக் குடுக்கிறம். உங்கட அவர் வன்னிதானே? சண்டைக்குள்ள எவ்வளவத்தைக் கண்டிருப்பார்! இது வெறும் வாய்ப்புண், தாங்குவார்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா. எங்களைப் புகழுறாவாம்!

எனக்கு உச்சியில ஏறிட்டுது. "ஏன் மிஸ், பங்கருக்குள்ள இருந்தவனுக்கு வாயில தோல் இல்லையோ? ஒருக்கா வெந்தவனெண்டால் திரும்பவும் வேகட்டும் எண்டு விடுவியளோ?" எண்டு கேட்டன். வோட்டில இருந்த சனமே திரும்பிப் பாத்தது. பாக்கட்டுமன்!

அறைக்கு வந்தால் இவர் அதுக்கு மேல. "விடும், மிஸ்மாரோட கொழுவாதையும். நான் தாங்குவன்" எண்டார். எங்கட சனத்தின்ரை பழக்கமே இதுதானே. உயிர் போற நோவிலயும் டொக்டர் "எப்பிடி?" எண்டு கேட்டால் "பரவாயில்லை" எண்டு சொல்லுறது. வந்த நாள் தொட்டு இவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். "நீங்கள் இப்பிடிச் சொல்லச் சொல்ல அவையும் நம்புகினம்" எண்டு அவரோடயும் ஏறி விழுந்தன்.

டொக்டர் வருமட்டும் கதவடியில நிண்டு, அவரிட்டை நேர கேட்டன். அவர் மிஸ்ஸைப் பாத்து, "இவருக்கும் குடுக்க வேண்டியதுதானே?" எண்டார். அவ்வளவுதான்! அந்த ஒரு வசனத்துக்கு நான் தொண்டை கிழியக் கத்தவேண்டிக் கிடந்தது.

அண்டைக்குப் பின்னேரமே லைற் வந்தது. புண் வராமல் விடேல்லை, ஆனால் அவை சொல்லிப் பயப்பிடுத்தின அளவுக்கு இல்லை. கஞ்சி விழுங்கினார்.

ஒருநாள் லைற் பிடிக்கிற பிள்ளை, "ஐயா, எங்கையாவது நோகுதோ?" எண்டு கேட்டா. நான் அந்தப் "பரவாயில்லை"யைத்தான் எதிர்பாத்தன். இவர் இடப்பக்கச் சொக்கையைத் தொட்டு, "ஓம் பிள்ளை, இதில நோகுது" எண்டார். சண்டை முடிஞ்சு காலில காயத்தோட முகாம் வரிசையில நிண்டபோதும் அந்தச் சொல் அவரின்ரை வாயில வரேல்லை. எனக்குக் கண்ணீர் வந்திட்டுது.

இப்ப தேறி வாறார். ஆனால் ஆராவது "நீங்கள் வன்னி ஆக்கள், எதையும் தாங்குவியள்" எண்டு மெச்சினால், எங்களுக்குத் தரவேண்டிய எதையோ தராமல் விடப்போகினம் எண்டுதான் இண்டைக்கும் எனக்குப் படும்.