மிதிக்க மிதிக்க ஏறும் சத்தம்

கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் அந்தக் கடையில் அவருக்குப் பாம்புக்காது என்றுதான் பெயர். எந்தக் காரில் என்ன இரைச்சல் என்றாலும் உட்கார்ந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

அன்று டாக்ஸி ஓட்டும் பெண் ஒருத்தி வந்தாள். "அண்ணே, ஆக்சிலேட்டரை மிதிச்சா ஸ்பீக்கர்ல கீச்சுனு ஒரு சத்தம். மிதிக்க மிதிக்க ஏறுது. தலையே வெடிச்சிரும் போல இருக்கு."

அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவள் மிதித்தாள். இன்ஜின் உறுமியது. கீச்சை மட்டும் காணோம்.

"கேக்குதாண்ணே?"

"கேக்காம என்ன?" என்றார் வெடுக்கென்று. காலையில் மனைவி, "அலாரம் அந்தக் கத்து கத்துது, காதுல விழலையா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. இந்தக் காதும் போனால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது?

மிதிக்க மிதிக்க ஏறுகிறது என்றால் எர்த் கம்பியில்தான் கோளாறு இருக்கும். சீட்டுக்கு அடியில், தகரத்தைத் தொடாமல் பெயின்டின் மேலேயே முடுக்கியிருந்த கம்பியைக் கழற்றி, தகரம் பளபளக்கும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கினார்.

"மிதிம்மா."

ஸ்பீக்கரை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். சுருங்கியிருந்த புருவம் மெல்ல விரிந்தது.

"அப்பாடா! சுத்தமா கேக்கலண்ணே. உங்களுக்கு?"

அவர் குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

"எனக்கும் கேக்கலம்மா."